வருகிறவரை எதிர்கொள்ள: திருவருகைக் கால ஆயத்தம் பற்றி

நவம்பர் கடைசியில் நம் பங்குகளில் குடில் வேலை தொடங்கிவிடுகிறது. வீட்டு வாசல்களில் நட்சத்திரம் ஏறுகிறது, பாடகர் குழு கிறிஸ்துமஸ் பாடல்களை ஒத்திகை பார்க்கிறது. ஆனால் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று கோயிலுக்குப் போனால் நற்செய்தியில் பெத்லகேம் இல்லை. குழந்தையும் இல்லை, இடையர்களும் இல்லை. மத்தேயு வாசிக்கப்படும் முதலாம் ஆண்டில் நோவா காலத்து வெள்ளத்தைப் பற்றியும், எந்நேரம் என்று சொல்லாமல் வரும் திருடனைப் பற்றியும் கேட்கிறோம். மாற்கு ஆண்டில் வெளியூர் போன வீட்டுத் தலைவரும் தூங்கக்கூடாத வாயில்காவலரும் வருகிறார்கள். லூக்கா ஆண்டில் கதிரவனிலும் நிலவிலும் அடையாளங்கள், கடலின் கொந்தளிப்பு, கூடவே குடிவெறியாலும் அன்றாடக் கவலைகளாலும் உள்ளம் மந்தமாகிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை.

வெளியே நட்சத்திரம், உள்ளே வெள்ளம். இந்த முரண்பாட்டைப் பலர் கவனிப்பதில்லை; கவனித்தவர்களுக்கோ சங்கடம். மறையுரையில்கூட அந்த வாசகத்தைச் சீக்கிரம் கடந்து, கிறிஸ்துமசுக்கு இன்னும் நான்கு வாரம் என்று பேச்சை மாற்றிவிடுவது உண்டு. எதற்காக ஆயத்தமாகிறோம், எப்படி ஆயத்தமாவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் திருச்சபை தன் வரலாற்றில் ஒரே பதிலைச் சொன்னதில்லை. நோன்பு என்று ஒரு காலத்தில் சொன்னது. மகிழ்ச்சியோடு காத்திருத்தல் என்று பிறகு சொன்னது. பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே சொல்லி வந்திருக்கிறது. அந்தப் பதில்களை ஒருமுறை வரிசையாகப் பார்த்தால், நாம் கைவிட்டது எது என்பது தெரியவரும்.

கிபி 380இல் ஸ்பெயினின் சரகோசா நகரில் கூடிய ஆயர்கள், டிசம்பர் 17 முதல் திருக்காட்சி விழா வரை 21 நாளும் யாரும் கோயிலுக்கு வராமல் இருக்கக் கூடாது என்று விதித்தார்கள். வீட்டுக்குள் ஒளிந்துகொள்வது, மலைக்குப் போய்விடுவது, வெறுங்காலோடு திரிவது ஆகியவற்றையும் தடுத்தார்கள். கடுந்தவத்தை வலியுறுத்திய பிரிசில்லியனைப் பின்பற்றியவர்கள் தனித்து ஒதுங்கித் தவம் செய்ததை மனத்தில் வைத்தே இந்த விதி எழுந்தது. இதை இன்றைய திருவருகைக் காலத்தின் நேரடித் தொடக்கம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு செய்தி இதில் இருக்கிறது: ஆயத்தம் என்பது ஊரோடு சேர்ந்து செய்வது, தனியாகப் போய்ச் செய்வதல்ல என்று அந்த ஆயர்கள் நினைத்தார்கள்.

பிரான்சில் கதை வேறு. 5ஆம் நூற்றாண்டில் தூர் நகர ஆயராக இருந்த பெர்பெத்துவுஸ், புனித மார்ட்டின் திருநாள் தொடங்கி, அதாவது நவம்பர் 11 முதல், கிறிஸ்து பிறப்பு வரை வாரத்துக்கு மூன்று நாள் நோன்பு இருக்கும்படி ஏற்பாடு செய்தார் என்று அதே நகரின் பின்னாள் ஆயர் கிரகோரி எழுதி வைத்திருக்கிறார். 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மக்கோன் சங்கம் திங்கள், புதன், வெள்ளி என்று நாள்களையும் குறித்தது. இதை மார்ட்டின் தவக்காலம் என்றே மக்கள் அழைத்தார்கள். ஐரோப்பாவில் மார்ட்டின் திருநாளன்று வாத்துக்கறி விருந்து நடப்பதற்குப் பின்னால் இந்த நோன்பின் நினைவும் இருக்கிறது. நாளை முதல் கறி கிடையாது என்பதால் இன்று உண்டு முடிப்பது.

உரோமையிலோ நோன்பைவிட வழிபாட்டுக்கே முதலிடம். கிறிஸ்து பிறப்புக்கு முந்திய ஞாயிறுகளுக்கென்று தனி மன்றாட்டுகளும் வாசகங்களும் உருவாயின. 590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த பெரிய கிரகோரியின் காலத்தோடு நான்கு ஞாயிறு என்ற வரையறையை மரபு இணைக்கிறது. மிலான் நகரின் அம்புரோசு வழிபாட்டு முறையில் இன்றும் ஆறு வாரம்தான். கீழைத் திருச்சபைகளில் பைசாந்திய மரபினர் நவம்பர் 15 முதல் 40 நாள் நோன்பு இருக்கிறார்கள். நமக்கு மிக அருகில், கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் வாழும் சீரோ மலபார் கத்தோலிக்கர் டிசம்பர் 1 முதல் 25 நோன்பு கடைப்பிடிக்கிறார்கள். அந்த வீடுகளில் அந்த நாள்களில் மீனும் கறியும் அடுப்பேறாது. பக்கத்து வீட்டு இலத்தீன் வழிபாட்டுமுறைக் குடும்பத்திலோ அதே நாள்களில் கேக்குக்குத் திராட்சை ஊறிக்கொண்டிருக்கும். ஒரே ஆண்டவருக்காக இரண்டு வகைக் காத்திருப்பு.

மேற்கில் நோன்பு மெல்ல மெல்லக் கரைந்தது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இந்தக் காலத்துக்கென எஞ்சியவை கிறிஸ்துமசுக்கு முந்திய நாள் நோன்பும், டிசம்பரில் வரும் மூன்று பருவ நோன்பு நாள்களும்தான். 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு ஒழுங்குகளை மாற்றியமைத்தபோது அவற்றின் கட்டாயமும் போய்விட்டது. இன்றைய சட்டப்படி ஒறுத்தலுக்கான காலம் என்பது ஆண்டின் எல்லா வெள்ளிக் கிழமைகளும் தவக்காலமும். திருவருகைக் காலம் அந்தப் பட்டியலில் இல்லை.

1969இல் வெளிவந்த வழிபாட்டு ஆண்டுக்கான பொது ஒழுங்குகள் இந்தக் காலத்தின் இயல்பை இரண்டாகச் சொல்கின்றன: இறைமகனின் முதல் வருகையை நினைவுகூர்வது, அந்த நினைவின் வழியாகவே இறுதி நாளில் அவருடைய இரண்டாம் வருகையை நோக்கி உள்ளத்தைத் திருப்புவது. எனவே இது பக்தியும் மகிழ்வும் கலந்த எதிர்பார்ப்பின் காலம். வழிபாட்டின் சின்னச் சின்ன ஒழுங்குகளில் இந்தக் கலப்பு தெரிகிறது. ஊதா உடை உண்டு. ஆனால் தவக்காலத்தைப் போல அல்லேலூயா நிற்பதில்லை. வானவர் கீதம் பாடப்படுவதில்லை, ஏனென்றால் அந்தப் பாடலை வானதூதர்கள் பாடிய இரவு இன்னும் வரவில்லை. மூன்றாம் ஞாயிறன்று இளஞ்சிவப்பு உடை அணியலாம். பீடத்தில் பூ இருக்கலாம், அளவோடு.

நோன்பைக் கட்டாயத்திலிருந்து விடுவித்தது சரியே என்பது என் எண்ணம். ஆனால் கட்டாயம் போனபோது பழக்கமும் போய்விட்டது. அந்த இடத்தில் எதையும் நாம் வைக்கவில்லை. வெறுமையாகக் கிடந்த அந்த இடத்தில் கடைத்தெரு வந்து உட்கார்ந்துகொண்டது.

12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துத் தலைவர் புனித பெர்னார்து தம் துறவியருக்கு ஆற்றிய திருவருகைக் கால மறையுரைகளில் மூன்றாவதாக ஒரு வருகையைப் பற்றிப் பேசினார். உடலெடுத்து வந்தது ஒன்று, மாட்சியில் வரப்போவது ஒன்று, இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொருவர் உள்ளத்துக்கும் அன்றாடம் வருவது ஒன்று. முதல் வருகைக்கு நாம் நேரில் சாட்சிகள் இல்லை, இறுதி வருகை நம் கையில் இல்லை. ஆயத்தம் என்று நாம் எதையாவது செய்ய முடியுமானால் அது இந்த நடு வருகைக்குத்தான். ஆன்மிக நூல்கள் இதைத் திரும்பத் திரும்ப எடுத்தாள்வதில் வியப்பில்லை. ஆனால் ஓர் ஆபத்தும் இதில் உண்டு. எல்லாவற்றையும் உள்ளத்துக்குள் இழுத்துக்கொண்டு, இறுதி வருகையைப் பற்றிய திருச்சபையின் நம்பிக்கையை அழகான உருவகமாக மட்டும் ஆக்கிவிடலாம். பெர்னார்து அப்படிச் செய்யவில்லை, நாம்தான் செய்கிறோம்.

இறுதி வருகையைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதற்குத் தமிழ்க் கடற்கரையில் ஒரு தனிக் காரணம் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு திருவருகைக் காலம் நவம்பர் 28 அன்று தொடங்கியது. மத்தேயு நற்செய்தி வாசிக்கப்படும் ஆண்டு அது. மக்கள் உண்டும் குடித்தும் பெண் கொண்டும் கொடுத்தும் இருந்தபோது வெள்ளம் வந்து எல்லாரையும் வாரிக்கொண்டு போனதை இயேசு நினைவூட்டும் பகுதிதான் அன்றைய நற்செய்தி. சரியாக 28 நாள் கழித்து, கிறிஸ்துமசுக்கு மறுநாள், டிசம்பர் 26 ஞாயிறு காலையில் கடல் கரையேறியது. நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் குளச்சலிலும் ஈழத்தின் கிழக்குக் கரையிலும் என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அன்று திருக்குடும்ப விழா. அந்த ஆண்டுக்குரிய நற்செய்தி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு யோசேப்பும் மரியாவும் இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடியது.

இதைத் தண்டனை என்று சொல்கிறவர் நற்செய்தியைப் படிக்கவில்லை. சிலோவாம் கோபுரம் விழுந்து இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்று இயேசுவே மறுத்துச் சொல்லியிருக்கிறார். வெள்ளத்தைக் கண்ணால் பார்த்த ஊரில் நோவா பகுதியை வாசிக்கும் குருவுக்கு இது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பகுதியில் குற்றம் எதுவும் சுட்டப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உண்பதும் குடிப்பதும் திருமணம் செய்வதும் பாவம் அல்ல. மக்கள் அறியாமல் இருந்தார்கள் என்பது மட்டுமே அங்கே சொல்லப்படுகிறது. விழிப்பு என்பது அச்சத்தில் நடுங்குவது அல்ல; நம் வாழ்நாள் நம் கையில் இல்லை என்பதை அறிந்து, இன்று செய்ய வேண்டிய அன்பை நாளைக்குத் தள்ளாமல் இருப்பது. கடலோர மக்களுக்கு இதை எந்த மறையுரையும் கற்றுத்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்குத்தான் கற்றுத்தர வேண்டும். அதற்காகத்தான் திருச்சபை இந்தப் பகுதியை முதல் ஞாயிறன்று வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகள் திருமுழுக்கு யோவானுக்கு உரியவை. லூக்கா ஆண்டின் மூன்றாம் ஞாயிறன்று மக்கள் அவரிடம் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். பாலைநிலத்தில் ஒட்டகமயிர் ஆடை உடுத்து வெட்டுக்கிளி தின்றவர், தம்மைப் போல நீங்களும் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. இரண்டு அங்கி இருக்கிறவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும், உணவு உள்ளவரும் அப்படியே செய்யட்டும். வரி வாங்குகிறவர் குறித்த அளவுக்கு மேல் வாங்கக் கூடாது. படைவீரர் யாரையும் மிரட்டிப் பணம் பறிக்கக் கூடாது, ஊதியம் போதும் என்றிருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவரவர் தொழிலுக்குள்ளேயே மனமாற்றம். கூலியைக் குறைத்துப் பிடித்து வைத்திருப்பவருக்கும், மீட்டர் வட்டிக்குக் கடன் கொடுப்பவருக்கும், அலுவலக மேசைக்கு அடியில் கை நீட்டுபவருக்கும் திருவருகைக் கால ஆயத்தம் என்னவென்று அறியத் தனி நூல் தேவையில்லை. கையிருப்பில் வைத்திருக்கும் பிறர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

மத்தேயு ஆண்டின் மூன்றாம் ஞாயிறு இன்னும் ஆழமானது. அதில் யோவான் சிறையில் இருக்கிறார். வரவேண்டியவர் நீர்தாமா, அல்லது வேறொருவரை எதிர்பார்க்க வேண்டுமா என்று இயேசுவிடம் ஆளனுப்பிக் கேட்கிறார். வழியை ஆயத்தம் செய்தவருக்கே ஐயம். மகிழ்ச்சியின் ஞாயிறென்று சொல்லப்படும் நாளில் இந்த ஐயத்தை வைத்திருப்பது எனக்கு மிகப் பெரிய ஆறுதல். செபிக்க முடியாமல், நம்பவும் முடியாமல் திருவருகைக் காலத்துக்குள் வருகிறவர்களுக்கும் இதில் இடம் இருக்கிறது.

சிறையிலிருந்து எழுந்த திருவருகைக் கால எழுத்துகளில், எனக்குத் தெரிந்து, ஆல்பிரட் டெல்பின் எழுத்துக்கு இணையானது இல்லை. அவர் செருமானிய இயேசு சபைக் குரு. மூனிக் நகரின் போகன்ஹவுசன் பகுதியில் புனித ஜார்ஜ் கோயிலில் பணியாற்றினார். நாசி ஆட்சிக்குப் பிறகு அமையவேண்டிய செருமனியைப் பற்றி ஆலோசித்த கிரைசாவ் குழுவில் இருந்தார். 1944 ஜூலையில், இட்லரைக் கொல்லும் முயற்சி தோற்ற சில நாள்களுக்குள், கைது செய்யப்பட்டார். அந்த டிசம்பரில் பெர்லினின் தேகல் சிறையில் விலங்கிட்ட கைகளோடு அவர் எழுதிய தாள்கள், துவைக்க அனுப்பும் துணிகளோடு சேர்ந்து வெளியே வந்தன. திருவருகைக் காலத்து ஞாயிறுகளைப் பற்றியும் அந்த நாள்களின் மனிதர்களைப் பற்றியுமான சிந்தனைகள் அவை.

மனிதர் அடியோடு உலுக்கப்பட வேண்டிய காலம் இது என்பதே அவருடைய மையக் கருத்து. நாமே நமக்குப் போதும் என்ற பொய் உடையாமல் மீட்பரை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள் என்று அவர் நினைத்தார். வசதியான நாற்காலியில் உட்கார்ந்து எழுதியிருந்தால் இது வழக்கமான பக்திப் பேச்சு. தூக்குக்கயிறு காத்திருக்கும்போது, குண்டுவீச்சு விமானங்களின் இரைச்சலுக்கு நடுவே ஒருவர் இப்படி எழுதியதோடு நிற்காமல் மகிழ்ச்சியைப் பற்றியும் எழுதினார் என்பதுதான் நம்மை நிறுத்துகிறது. அந்த டிசம்பர் 8, அமலோற்பவ அன்னை பெருவிழா அன்று, சபைத் தோழர் ஒருவர் சிறைக்கு வந்து அவருடைய இறுதி வார்த்தைப்பாட்டைப் பெற்றுக்கொண்டார். இயேசு சபையை விட்டு விலகினால் விடுதலை என்று சொல்லிப் பார்த்தார்கள், மறுத்தார். 1945 பிப்ரவரி 2, ஆண்டவரைக் கோயிலில் காணிக்கையாக அர்ப்பணித்த விழா நாளில், பிளோட்சன்சே சிறையில் தூக்கிலிடப்பட்டார். வயது 37.

இனி, நான்கு வாரங்களில் மிகவும் செறிவான பகுதி. டிசம்பர் 17 முதல் 24 வரையிலான நாள்களில்தான் வழிபாடு நேரடியாகப் பெத்லகேமை நோக்கித் திரும்புகிறது. மாலைச் செபத்தில் மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும் 17 முதல் 23 வரை ஏழு பழமையான அழைப்புகள் வருகின்றன. ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதயமே, மக்களினத்தாரின் அரசே, இம்மானுவேலே என்று முதல் ஏற்பாட்டின் ஏழு பெயர்களால் கிறிஸ்துவை விளித்து, வாரும் என்று கேட்பவை. இந்த மரபை ஒரு குடும்பம் மாலைச் செபத்தில் நாளுக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொள்வது எளிது.

அதே 17ஆம் நாள் திருப்பலியில் இயேசுவின் தலைமுறை அட்டவணை வாசிக்கப்படுகிறது. பெயர்களை வாசித்து முடிப்பதே வாசிப்பவருக்குப் பெரும்பாடு, கேட்பவருக்கு அலுப்பு. ஆனால் அந்தப் பட்டியலில் தாமார் இருக்கிறார், எரிகோவின் இராகாபு இருக்கிறார், மோவாபிய ரூத்து இருக்கிறார், பெயர் சொல்லப்படாமல் உரியாவின் மனைவி இருக்கிறார். ஏமாற்றப்பட்டவர், விலைமகள், அயலினத்தார், அரசனின் பாவத்துக்கு இரையானவர். குடும்ப மானம் என்று நாம் எதை மூடி மறைப்போமோ அதை மத்தேயு முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கிறார். மீட்பர் வந்த வழி இது. சாதி பார்த்தும் பரம்பரை பார்த்தும் கோயிலுக்குள்ளேயே விலகி நிற்கும் ஒரு சமூகம் இந்த வாசகத்தை ஆண்டுதோறும் கேட்டு எதுவும் நேராமல் வீட்டுக்குப் போகிறது என்றால், ஆயத்தம் தொடங்க வேண்டிய இடம் அங்கேதான். குடிலுக்கு எவ்வளவு விளக்கு போட்டாலும் அதை ஈடுகட்ட முடியாது.

அடுத்தடுத்த நாள்களில் யோசேப்பின் கனவு, செக்கரியாவின் பேச்சு நின்றது, வானதூதரின் மங்கள வார்த்தை, எலிசபெத்தின் வீட்டுக்கு மரியா மலைநாட்டுக்குப் போனது. மரியாவைப் பற்றி எவ்வளவோ பேசியாகிவிட்டது. இந்தக் காலம் அன்னை மரியாவின் பக்திக்கு மிகப் பொருத்தமானது என்று ஆறாம் பவுல் 1974இலேயே எழுதினார். நான் இங்கே ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். தாம் கருவுற்றதை அறிந்தவர் முதலில் செய்தது, வயதான உறவுக்காரப் பெண்ணின் பேறுகாலத்துக்கு உதவப் போனது. மூன்று மாதம் அங்கேயே தங்கினார்.

செய்முறைகளைப் பொறுத்தவரை நாடுதோறும் வேறுபாடு அதிகம். போலந்திலும் ஆஸ்திரியாவிலும் விடியுமுன் மெழுகுவர்த்தி ஒளியில் மரியாவுக்குரிய திருப்பலி. பிலிப்பைன்சில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் அதிகாலைத் திருப்பலி, பிறகு கோயில் வாசலில் அரிசிப் பலகாரம். மெக்சிகோவில் அதே நாள்களில் இடம் தேடி அலையும் யோசேப்பு, மரியாவாக மக்கள் வீடு வீடாகப் போவது. நம் கோயில்களில் இப்போது எங்கும் காணும் நான்கு மெழுகுவர்த்தி வளையம் 1839இல் ஹம்பர்க் நகரில் லூத்தரன் போதகர் வீகர்ன் ஏழைப் பிள்ளைகளின் விடுதியில் தொடங்கியது. கிறிஸ்துமஸ் எப்போது என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் நாளுக்கு ஒரு விளக்கு ஏற்றினார் அவர். கத்தோலிக்கர் அதை ஏற்றது 20ஆம் நூற்றாண்டில்தான். குடிலோ 1223இல் கிரெச்சோவில் புனித பிரான்சிஸ் செய்ததிலிருந்து வருவது. அவர் வைத்தது வைக்கோலும் மாடும் கழுதையும் மட்டுமே, அதன் மேல் திருப்பலி.

இவை எல்லாம் நல்லவை; ஆனால் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு ஈடானது இவற்றில் எதுவும் இல்லை. கிறிஸ்துமசுக்கு முந்திய இரண்டு நாளில் நீண்ட வரிசை நின்று, ஆளுக்கு ஒரு நிமிடம் என்று முடிக்கப்படும் பாவசங்கீர்த்தனத்தால் யாருக்கும் நிறைவு இல்லை, கேட்கும் குருவுக்கும் இல்லை. இரண்டாம் வாரத்திலேயே அன்பியம் அன்பியமாக நேரம் ஒதுக்கினால் இந்த நெரிசல் குறையும். குருவிடம் போவதற்கு முன் போக வேண்டிய வேறு வீடுகளும் சில உண்டு: சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திய தம்பி வீடு, பிள்ளை காதலித்துத் திருமணம் செய்ததால் படியேறாத சம்பந்தி வீடு. நோன்பையும் மீட்டெடுக்கலாம். வாரத்தில் ஒரு நாள் ஒருவேளை உணவை விட்டு, அந்தப் பணத்தை வின்சென்ட் தே பவுல் சபையினரிடம் கொடுப்பது 5ஆம் நூற்றாண்டுத் தூர் நகரின் ஒழுங்கைவிட எவ்வளவோ இலகுவானது.

கடைசியாகக் கிறிஸ்துமஸ் கீத பவனி. டிசம்பர் தொடக்கத்திலேயே இளைஞர்கள் மேளத்தோடும் கிறிஸ்துமஸ் தாத்தாவோடும் கிளம்பிவிடுகிறார்கள் என்று வழிபாட்டு ஒழுங்கு அறிந்தவர்கள் குறைபடுவது உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் காலம் டிசம்பர் 24 மாலையில்தான் தொடங்கி ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. நாமோ அது தொடங்கும்போது பாடி ஓய்ந்துவிடுகிறோம். ஆனால் பவனியைத் தடை செய்வதில் பயன் இல்லை. ஆண்டில் ஒரே ஒருமுறை பங்கின் எல்லா வீட்டுக்கும் போகிறவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். தேதியை 17ஆம் நாளுக்குப் பிறகு தள்ளலாம். போகும் வரிசையை மாற்றி, படுக்கையில் இருக்கும் முதியவர் வீடு, அந்த ஆண்டு சாவு விழுந்த வீடு, வடமாநிலத் தொழிலாளர் தங்கியிருக்கும் கொட்டகை என்று தொடங்கலாம். உண்டியலில் விழுவதில் பாதியை அங்கேயே விட்டு வரலாம். மீதி வீடுகளுக்கு ஜனவரி முதல் வாரத்தில் போனாலும் அப்போதும் கிறிஸ்துமஸ் காலம்தான்.